ஏரியிலிருந்து நேராக ஐபிஎல்லா? நடராஜனின் லீக் வருஷங்களும் எங்கள் ஊர் இடதுகைப் பையனும்

இந்திய அணிக்காக ஆடிய இடதுகை வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜனைப் பற்றி பாப்பாரப்பட்டித் தம்பி ஒருவரின் கேள்வி: “நடராஜன் அண்ணன் ஏரியில டென்னிஸ் பால் போட்டுட்டு இருந்தவர்தானே. டிஎன்பிஎல்லில் ஒரு சூப்பர் ஓவர், அடுத்த வருஷமே 3 கோடி. அப்புறம் எதுக்கு நம்ம தர்மபுரிப் பசங்க மெட்ராஸ் போய் லீக் ஆடணும்? யார்க்கர் இருந்தா பத்தாதா?”

2025 மே 4, இரவு

பேட்டுக்காரன் காலடியில் விழுகிற அந்த யார்க்கர் பந்து மட்டும் பத்தாது தம்பி. நீங்கள் சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2016 டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) திண்டுக்கல் அணிக்காக அவர் போட்ட அந்த சூப்பர் ஓவரை (ஆட்டம் சமனானால் வெற்றியை முடிவு செய்யும் ஒரே ஓவர்) நாம் எல்லோரும் பார்த்தோம். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்ததும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் இருந்த ஐந்தாறு வருஷத்தை ஒரே தாவலில் தாண்டிவிட்டீர்கள்.

20 வயது வரைக்கும் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால். அதற்குப் பிறகு ஜெயப்பிரகாஷ் என்ற அதே ஊர்க்காரர் அவரைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சென்னை லீக்கில் பிஎஸ்என்எல் அணிக்காக நான்காம் டிவிஷன். நான்காம் டிவிஷன் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? ஸ்கோரரும் அம்பயரும், மர நிழலில் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேரும்தான். அங்கிருந்து விஜய் சிசி, அப்புறம் ஜாலி ரோவர்ஸ் என்ற கிளப்கள், அதற்கப்புறம் 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராக ரஞ்சி, அதாவது மாநில அணிகளுக்கு இடையிலான போட்டி. ரஞ்சி ஆடியதுமே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்து எல்லாம் நின்றுபோனது. அதைத் திருத்திக்கொண்டு வந்த பிறகுதான் நீங்கள் பார்த்த அந்த ஓவர்.

ஏரிக்கும் ஐபிஎல்லுக்கும் நடுவில் ஒரு பாலம் இருந்தது, அந்தப் பாலத்தின் பெயர் கிளப் கிரிக்கெட். நம் மாவட்டத்துப் பையன்கள் விழுவது ஏரியில் இல்லை, பாலம் இல்லாத அந்த இடைவெளியில்தான். இதை நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

மே 4, தூக்கம் வராமல் மறுபடி

தம்பியின் கேள்வியில் பாதி சரி, அதையும் சொல்லிவிட வேண்டும். யார்க்கர் வந்தது ஏரியில்தான்.

டென்னிஸ் பால் ஆடாதவர்களுக்காக: ஏரி காய்ந்து, பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கம் டோர்னமென்ட் ஆரம்பிக்கும். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆறு ஓவர், எட்டு ஓவர், அதற்கு மேல் கிடையாது. பந்து சுமார் 58 கிராம். தையல் இல்லை, பளபளப்பு இல்லை, அதனால் காற்றிலும் வளையாது, தரையில் பட்டும் திரும்பாது. பேட்டுக்காரன் முதல் பந்திலிருந்தே சுற்றுவான். லெந்தில், அதாவது பேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே குத்தும்படி போட்டால் ஏரிக்கரையைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தடியில் தேட வேண்டும். அந்த நிலைமையில் பந்து போடுகிறவனுக்கு மிஞ்சி இருக்கிற ஒரே இடம் கால் விரல் நுனி. அங்கே போட்டால் உயிர் பிழைப்பான், ஒரு ஜாண் தள்ளிப் போட்டால் சிக்ஸ்.

இப்படி வருஷக்கணக்கில் ஒரு பையன் போட்டால் அந்த நீளம் உடம்பிலேயே ஊறிவிடும். 2020 நவம்பரில் அபுதாபியில் டிவில்லியர்ஸை நடராஜன் போல்ட் ஆக்கிய பந்தைப் பார்த்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மச்சான் “இது நம்ம ஏரிப் பந்துடா” என்று கத்தினான். சரியாகத்தான் சொன்னான்.

ஆனால் யார்க்கர் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் 20 ஓவர் ஸ்பெல்களாகப் போட்டு ஒரு நாளைக் கடக்க முடியாது. பிரிஸ்பேன் டெஸ்டில் நடராஜன் முதல் இன்னிங்ஸில் 78 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். அந்தப் பொறுமை லீக்கில் கற்றது.

மே 6

இப்போது என் கதை. 1997-லிருந்து 2008 வரை நான் காரிமங்கலம் பக்கம் ஒரு டீமில் விக்கெட் கீப்பர். பெரிய டீம் இல்லை, ஆனால் சுற்றுவட்டாரத்தில் எங்கள் பெயரைச் சொன்னால் எதிர் டீம் கொஞ்சம் யோசிக்கும். அதற்குக் காரணம் ஒரே ஒரு பையன். பெயர் வேண்டாம். இடதுகை. பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை இறக்குகிற வேலை. விடிகாலை 3 மணிக்கு மண்டிக்குப் போய், 9 மணிக்கு முடித்துவிட்டு, அப்படியே சைக்கிளில் ஏரிக்கு வருவான், சட்டையில் தக்காளிச் சாறு காய்ந்திருக்கும்.

கீப்பராக இருந்ததால் அவன் பந்தை என் அளவுக்கு யாரும் பார்த்திருக்க முடியாது. கிளவுஸ் போட்டிருந்தும் கை சிவந்துபோகும், டென்னிஸ் பாலில்! வலதுகைக்காரனுக்குக் குறுக்கே வருகிற அந்தக் கோணம், கடைசி நொடியில் காலடியில் விழும். ஒரு முறை பென்னாகரம் பக்கம் ஒரு இறுதியாட்டத்தில் கடைசி ஓவரில் 7 ரன் வேண்டியிருந்தது, இவன் கொடுத்தது 2.

2003-இல் மாவட்டத் தேர்வு நடப்பதாகக் கேள்விப்பட்டு அவனைக் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போனோம். என் ஷூவைக் கொடுத்தேன், அவனுக்கு ஒரு சைஸ் சின்னது. அங்கே பிட்சின் மேல் மேட் விரித்திருந்தார்கள், கையில் புது ஸ்டிச் பாலை, தையல் போட்ட தோல் பந்தை, கொடுத்தார்கள். அவன் வாழ்க்கையில் அதுவரை ஸ்டிச் பாலைத் தொட்டதில்லை. முதல் பந்து பேட்டுக்காரன் தலைக்கு மேல். இரண்டாவது லெக் ஸ்டம்புக்கு வெளியே ரொம்ப தூரம். ஓவர் முடிந்தது, “அடுத்தது யாரு” என்றார்கள். அவ்வளவுதான். ஒரு ஓவர். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.

பல வருஷம் நான் இந்தக் கதையை “பார்த்தீங்களா, எப்படித் திருப்பி அனுப்பிட்டாங்க” என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

மே 7

காலையில் பஸ்ஸில் வரும்போது யோசித்தது. ஸ்டிச் பால் 156-லிருந்து 163 கிராம் இருக்கும். டென்னிஸ் பாலைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 58 கிராம் பந்தை நூற்றுக்கணக்கான ஓவர் போட்டுப் பழகிய கைக்கு எந்த நொடியில் விரலைத் திறக்க வேண்டும் என்பது மனப்பாடம். பந்து கனத்தால் அந்தக் கணக்கு மொத்தமும் மாறும். தலைக்கு மேல் போகாமல் என்ன செய்யும்? அதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

மே 7, மாலை

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. லேசான பந்தில் வேகம் வர வேண்டும் என்றால் முழங்கையைச் சுண்ட வேண்டியிருக்கும், எங்கள் ஏரியில் பாதிப் பேர் அப்படித்தான் போடுவார்கள், யாரும் நோ பால் சொல்லமாட்டார்கள். விதிப்படி கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. நடராஜனுக்கு ரஞ்சிக்குப் பிறகு வந்த சிக்கல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம். 23, 24 வயதில், வீட்டில் மூத்த பிள்ளை, அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை, இவருக்குக் கீழே நாலு பேர். அந்த நேரத்தில் “உன் கையே தப்பு” என்று சொன்னால் எத்தனை பேர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்! சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா ஆகியோர் உதவியோடு அவர் முறையைத் திருத்திக்கொண்டார். இதையும் கவனியுங்கள் தம்பி: அந்த மூன்று பேரை ஏரியில் சந்திக்க முடியாது. அவர் லீக் ஆடிக்கொண்டிருந்ததால்தான் அவர்கள் கைக்கு எட்டினார்கள்.

மே 11

ஞாயிறு. கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

சின்னப்பம்பட்டி சேலம் மாவட்டம், நாம் தர்மபுரி, எதற்கு ஒப்பிடுகிறாய் என்று நேற்று ஒருவர் கேட்டார். தொப்பூர் கணவாயில் இறங்கி ஓமலூர், தாரமங்கலம் வழியாகப் போனால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். 1965-க்கு முன்னால் நாமே சேலம் மாவட்டம்தானே. அதே மண், அதே மானாவாரி, அதே வெயில்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் பையன்கள் வேலைக்கென்று போவது பெங்களூருக்கு. பேக்கரி, கட்டட வேலை, ஓசூர் கம்பெனிகள். கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம், ஞாயிறு டோர்னமென்ட் கூட பெங்களூரில்தான் ஆடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு ரஞ்சி அணிக்குக் கதவு சென்னையில் இருக்கிறது, தர்மபுரியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், ராத்திரி பஸ். சம்பளம் ஒரு திசையில் இழுக்கிறது, கிரிக்கெட் இன்னொரு திசையில். 18 வயதுப் பையன் எந்தப் பஸ்ஸில் ஏறுவான்?

மே 11, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய டீம் நண்பன் அழைத்தான். அவன் சொன்னது எனக்குக் குத்தியது, ஆனால் எழுதத்தான் வேண்டும். “தேர்வுக்காரங்கள எல்லாம் சொல்றியே, நாம என்ன செஞ்சோம்? அந்த வருஷம் மூணு டோர்னமென்ட்ல ஜெயிச்ச காசு எங்க போச்சு?”

பிரியாணிக்குப் போனது. டீம் பெயர் அச்சடித்த பனியனுக்குப் போனது. ஒரே ஒரு ஸ்டிச் பாலுக்குப் போகவில்லை. ஒரு பந்து வாங்கி, இரண்டு மாதம் முன்னாலிருந்து அவன் கையில் கொடுத்து, நான் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும். எங்கள் பதினோரு பேருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்கு அவன் அடுத்த ஞாயிறு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்கிறவன், அதற்கு மேல் எங்கள் கண் போகவில்லை. ஜெயப்பிரகாஷும் எங்களைப் போலவே ஊர் டென்னிஸ் பால் ஆட்டக்காரர்தான். தன் டீம் பையனை அடுத்த ஊர் ஆட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் சென்னை பஸ் ஏற்றினார். நடராஜன் கையில் ஜேபி என்று பச்சை குத்திக்கொண்டிருக்கிறார் என்றால் சும்மாவா.

மே 15

அவனிடம் பேசிவிட்டேன்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், ஷிஃப்ட் வேலை. நம்பர் வாங்க நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட பத்து வருஷம் கழித்துப் பேசுகிறோம். நான் அந்தத் தேர்வு நாளைப் பற்றி ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்.

“அண்ணா, நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கறது தப்பு. என்னை அன்னைக்கு அனுப்பல. ஓவர் முடிஞ்சதும் ஒரு பெரியவர் வந்து தோள்ல கைய வச்சு, கை நல்லா இருக்கு தம்பி, நாளைக்குக் காலைல வா, பழைய பந்துல போடுன்னாரு. நீங்க அப்ப டீ குடிக்கப் போயிருந்தீங்க.”

“அப்புறம் ஏன்டா போகல?”

“மறுநாள் மண்டியில மூணு லோடு அண்ணா. அப்பாவுக்கு அப்ப உடம்பு முடியல. ஒரு நாள் கூலி ஏற்கெனவே போயிருச்சு. ரெண்டாவது நாளும் லீவு போட்டா மேஸ்திரி வேற ஆள வச்சுக்குவாரு. உங்ககிட்ட சொன்னா நீங்க காசு தரேன்னு சொல்லுவீங்க, அதான் சொல்லல.”

இருபது வருஷத்துக்கு மேல் நான் தப்பான கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மே 6-இல் எழுதியதில் “அவ்வளவுதான்” என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு மனிதர் சரியாகவே பார்த்தார், சரியாகவே கூப்பிட்டார். ஒரு நாள் கூலிதான் குறுக்கே நின்றது.

இன்னொரு திருத்தமும் அவன் சொன்னான். வருஷம் 2003 இல்லை, 2004. “கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகி அவங்க யாரும் வரல அண்ணா, ஓசூர் பசங்க வரலன்னு நாம சந்தோஷப்பட்டோமே.” ஆமாம், மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரியில். முன்பெல்லாம் ஓசூர் பையன்கள் முழு கிட்டோடு வருவார்கள், அவர்களைப் பார்த்தாலே எங்கள் பையன்களுக்குக் கை நடுங்கும். அந்த வருஷம் இடம் காலியாக இருந்தது. அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாக வலித்தது.

மே 16

பேச்சின் முடிவில் அவன் கேட்டது இது: “நடராஜனுக்கும் வீட்டுல கஷ்டம்தான அண்ணா, அவரு எப்படி ரெண்டாவது நாள் போனாரு?”

உடனே பதில் வரவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்தேன். யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும். தங்க இடம், பஸ் காசு, ஷூ, சாப்பாடு எல்லாவற்றையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் பையன் கேட்பதற்கு முன்னாலேயே. கூச்சப்படுகிற பையன் ஒருநாளும் கேட்கமாட்டான். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

மே 18

பாப்பாரப்பட்டித் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: “சரி அண்ணா, லீக் வேணும், ஒத்துக்கறேன். ஆனா அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்துச்சு இல்லையா? வருண் சக்கரவர்த்திக்குத் தோள்ல அடிபட்டதால தானே டி20 அணியில் இடம்?”

உண்மை. ஆஸ்திரேலியாவுக்கு முதலில் வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான் போனார். வருண் இல்லாமல் போய் டி20 அணிக்குள் வந்தார். 2020 டிசம்பர் 2 கான்பராவில் ஒருநாள் ஆட்டம், 4-ஆம் தேதி அங்கேயே டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர், இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர். அதில் பாதி மற்றவர்களின் காயத்தால் திறந்த இடம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் 2018, 2019 இரண்டு ஐபிஎல் சீசனும் ஹைதராபாத் அணியில் உட்கார்ந்தே இருந்தார், ஒரு ஆட்டம் கூடக் கிடைக்கவில்லை. 3 கோடிக்குப் போனவர் 40 லட்சத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, வலையில் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு 2020-இல் 16 ஆட்டம், 16 விக்கெட். கதவு திறக்கும்போது வாசலில் நின்றவருக்குத்தான் அது திறந்தது. அந்த நிற்கிற பழக்கம் நான்காம் டிவிஷனில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மே 25

இன்று சின்னப்பம்பட்டிக்குப் போய் வந்தேன், இது இரண்டாவது தடவை. முதல் தடவை 2021 ஜனவரி, அவரைச் சாரட் வண்டியில் வைத்து ஊர்வலமாகக் கூட்டிவந்த நாள். அன்று கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை, செண்டை சத்தமும் தலைகளும்தான்.

இந்த முறை மைதானத்தைப் பார்த்தேன். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்த நடராஜன் கிரிக்கெட் மைதானம். சுற்றிலும் சோளக்காடு, நடுவில் பச்சையாக அவுட்ஃபீல்ட். வேலியோரம் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஸ்டிச் பாலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, தையலை விரலால் தேடிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் பையனுக்கு 18 வயதில் கிடைத்த பந்து இவர்களுக்கு 10 வயதில் கிடைக்கிறது. ஜி. பெரியசாமி இந்த ஊர்தான், 2019 டிஎன்பிஎல் இறுதியாட்டத்தில் சேப்பாக் அணிக்காக 5 விக்கெட் எடுத்தாரே, அவர். ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பேர் என்றால் அந்த ஊர்த் தண்ணீரில் ஒன்றும் இல்லை, பாலம் போட ஆள் இருக்கிறது.

தொப்பூர் மேடு ஏறும்போது ஓசூரில் இருப்பவனை அழைத்து இதையெல்லாம் சொன்னேன். பிட்ச் விரிப்பா, புல்தரையா என்று அவன் கேட்ட ஒரே கேள்வி: “மேட்டா, டர்ஃபா அண்ணா?”

ஜூன் 1

ஒரு செய்தியும் ஒரு உதவியும்.

எங்கள் ஊரில் இப்போது 15 வயதில் ஒரு இடதுகைப் பையன் இருக்கிறான். யார்க்கர் இன்னும் வரவில்லை, பத்தில் மூன்று விழுகிறது, ஆனால் தோள் நல்ல தோள். போன வாரம் தர்மபுரியில் நான்கு ஸ்டிச் பால் வாங்கினேன். ஓசூர்க்காரன் ஞாயிறு ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்துவிட்டான், யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே. முடி நரைத்துவிட்டது, வயிறு கொஞ்சம் வந்துவிட்டது. பையன் கையைப் பிடித்து, விரலைத் தையல் மேல் வைத்து, “இங்க விடாத, இன்னும் கொஞ்சம் கழிச்சு விடு” என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். பிறகு தானே ஒன்று போட்டுக் காட்டினான். நான் கீப்பராக நின்றேன். லெக் ஸ்டம்புக்கு வெளியே ரொம்ப தூரம் போனது. அடுத்தது காலடியில்.

பையன் வீட்டுக்கு நானும் அவனும் சேர்ந்தே போய்ப் பேசினோம். அப்பா லாரி டிரைவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். தேர்வு எத்தனை நாள் நடந்தாலும் கூட்டிப்போய்க் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறோம்.

உதவி என்னவென்றால் ஷூ. பையனுக்குக் கால் பெரிது, 10-ஆம் நம்பர். மேட்டில் போட ரப்பர் அடிப் பந்துவீச்சு ஷூ, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம், கிருஷ்ணகிரி எங்கே இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். 9-ஆம் நம்பர் வேண்டாம், ஒரு சைஸ் சின்னது ஆகாது.